பவர் ஸ்டியரிங் முனகலும் ஒயில் கசிவும்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து அனுபவங்கள்

கல்லடிவாசி:

பழைய கொரோலா, சனி, லான்சர் வைத்திருப்பவர்களுக்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025இல்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது. அதற்குள் எங்கள் ஊர்க் கார்கள் எல்லாம் இன்னும் கொஞ்சம் கிழடாகிவிட்டன. என்னுடையது கொரோலா 110.

காலையில் ஸ்டார்ட் செய்து கேற்றுக்கு வெளியே வளைக்கும்போது ஒரு முனகல் வரும். ஸ்டியரிங்கை வளைக்க வளைக்கக் கூடும், நேராக்கினால் அடங்கும், அக்சிலேட்டரை மிதித்தால் அதற்கேற்ப ஏறி இறங்கும். நிலத்தில் ஒரு சொட்டு ஒயில் கூட இல்லை. முதலில் காட்டிய கராஜில் போனட்டைத் திறந்த கையோடு, "ஸ்டியரிங் பம்ப் போயிட்டு, கொழும்பிலிருந்து பாவிச்ச ஒன்று எடுப்போம்" என்றார்கள். பம்ப்பைக் கழற்றிப் பார்க்கவும் இல்லை, ஸ்டியரிங் ஒயில் நிற்கும் போத்தலின் மூடியைத் திறக்கவும் இல்லை. எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆரையம்பதியில் வயதான பாஸ் ஒருவரிடம் கொண்டுபோனேன். எஞ்சினை ஓடவிட்டு மூடியைத் திறந்தார். உள்ளே சிவப்பாகத் தெளிந்து இருக்க வேண்டிய ஒயில், நுரை ததும்பும் பால் தேத்தண்ணி போல இருந்தது. "மனே, பம்ப்புல பிழை இல்ல. அது காத்தக் குடிச்சிட்டுக் கத்துது" என்றார்.

அவர் சொன்ன விளக்கம் இதுதான். போத்தலிலிருந்து பம்ப்புக்குப் போகும் தடித்த ஹோஸ் உறிஞ்சும் பக்கம். அதில் அழுத்தம் கிடையாது, இழுவைதான். அங்கே ரப்பர் காய்ந்து கிளிப் தளர்ந்தால், எஞ்சின் ஓடும்போது ஒயில் வெளியே வருவதை விடக் காற்று உள்ளே போவதே அதிகம். அதனால்தான் நிலத்தில் சொட்டு இல்லாமலே சத்தம் மட்டும் வருகிறது. ஒயில் மட்டம் குறைந்தாலும் இதே கதைதான். சில போத்தல்களுக்குள் சின்னச் சல்லடை ஒன்றும் இருக்கும். அதில் கசடு அடைத்தால் பம்ப்புக்கு ஒயில் போதாமல் இதே முனகல் வரும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஹோஸையும் கிளிப்பையும் மாற்றி, போத்தலைக் கழுவி, புது ஒயில் விட்டார். காற்று எடுத்த விதம் எனக்குப் பிடித்தது. முன் சில்லுகள் இரண்டையும் ஜக் அடித்துத் தூக்கி ஸ்டான்டில் நிறுத்தினார். எஞ்சினைப் போடாமலே என்னை ஸ்டியரிங்கை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிக்கு மெல்லத் திருப்பச் சொன்னார். போத்தலில் குமிழி வந்து வந்து வெடித்தது. மட்டம் இறங்க இறங்க ஒயில் விட்டுக்கொண்டே நின்றார். குமிழி நின்ற பிறகுதான் சாவியைத் திருப்ப விட்டார். அதற்கு முன் எஞ்சினைப் போட்டால், பம்ப் அந்தக் காற்றை ஒயிலோடு அடித்து நுரையாக்கிவிடும், பிறகு அது தெளியும்வரை காத்திருக்க வேண்டும். ஸ்டியரிங்கைக் கடைசிவரை திருப்பியபடி சில நொடிகளுக்கு மேல் பிடித்து வைக்கவும் விடவில்லை. அந்த நிலையில்தான் அழுத்தம் உச்சத்துக்குப் போகும், ஒயிலும் பம்ப்பும் சூடேறும்.

சத்தம் உடனே முழுதாகப் போகவில்லை. மிச்சமிருந்த சின்னக் குமிழிகள் வெளியேறும்வரை ஓரிரு நாள் லேசாகக் கேட்டது, அப்புறம் அடங்கிவிட்டது. பழைய பம்ப்தான் இன்னும் ஓடுகிறது.

கல்முனை லேத்:

கல்லடி அண்ணன் சொன்னது சரி. ஆனால் எங்களிடம் வருபவற்றில் பம்ப்பை விட ராக் (இடம் வலம் நகர்ந்து முன் சில்லுகளைத் திருப்பும் பல்லுக் கம்பித் தொகுதி) லீக்தான் அதிகம். காரணம் எங்கள் மாரி மழை. கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் நிற்கும் ரோட்டில் ஓடும்போது, ராக்கின் இரண்டு முனையிலும் இருக்கும் ரப்பர் பூட்டில், அதாவது மடிப்பு உறையில், ஒரு வெடிப்பு இருந்தால் போதும், சேற்றுத் தண்ணீர் உள்ளே போய் நின்றுவிடும். தண்ணீர் வற்றிய பிறகு உள்ளே ராக் கம்பியில் துரு பிடிக்கும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். துருப் பிடித்த கம்பி ஒவ்வொரு முறை, ஒயிலைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் சீலுக்குள் போய் வரும்போதும் சீலின் உதட்டை அரம் போட்டுக்கொண்டே இருக்கும்.

பூட்டைக் கையால் அமுக்கிப் பாருங்கள். உள்ளே ஒயில் அசைவது தெரிந்தால் ராக் சீல் போய்விட்டது. பூட்டின் உள்பக்கக் கிளிப்பைக் கழற்றினால் ஒயில் ஊற்றும். பூட் உள்ளே காய்ந்திருந்து வெளியே மட்டும் ஈரமென்றால், மேலே ஏதோ ஒரு பைப் யூனியனிலிருந்து (பைப் இணைப்பிலிருந்து) வழிந்து வருகிறது. ராக்கில் கை வைக்காதீர்கள். அடிப்பக்கத்தைக் கழுவிக் காயவைத்து, எஞ்சினைப் போட்டு ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு டோர்ச் அடித்துப் பார்த்தால் எங்கிருந்து தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். ஒயில் எங்கே சொட்டுகிறதோ அங்கேதான் லீக் என்று நினைக்கிற பழக்கத்தால் எத்தனை நல்ல ராக் கழற்றப்பட்டிருக்கிறது தெரியுமா?

இன்னொன்று. சீல் கிட்டை மட்டும் போட்டுத் தந்தால் மலிவு. கம்பியில் நகத்துக்குத் தட்டுப்படும் அளவுக்குக் குழி இருந்தால் அந்த மலிவு அடுத்த மாரிவரை கூட நிற்காது. லேசான துரு என்றால் பொலிஷ் செய்யலாம். குழி விழுந்திருந்தால் ஹார்ட் குரோம் (கடினமான குரோம் பூச்சு) போட்டுத் திரும்பக் கடைய வேண்டும், இல்லாவிட்டால் வேறு ராக். கம்பியைத் திரும்பப் போடும்போது பற்கள் புது சீலைக் கிழிக்காமல் இருக்க, பற்களின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றித்தான் நுழைப்போம். எந்தக் கராஜில் செய்தாலும் பக்கத்தில் நின்று இதைக் கவனியுங்கள். வேலை முடிந்த பிறகு வீல் எலைன்மென்ட் கட்டாயம்.

படுவான்கரை வான்காரன்:

எனக்கு நடந்தது வேறு. கொக்கட்டிச்சோலையிலிருந்து வெல்லாவெளிப் பக்கம் ஆட்களோடு போகும்போது பிரஷர் ஹோஸ் (பம்ப்பிலிருந்து அழுத்தத்தோடு ஒயில் போகும் குழாய்) வெடித்தது. போனட்டுக்குள்ளிருந்து புகை. சனம் நெருப்பு என்று சத்தம் போட்டு இறங்கியது. சூடான எக்சோஸ்டில் ஒயில் பட்டதால் வந்த புகைதான், ஆனால் பயந்தது நியாயம், அந்த ஒயில் பற்றக்கூடியது. ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவில்லை, கல் மாதிரி இறுகியது, அவ்வளவுதான். நிறுத்தியதும் பெல்ட்டைக் கழற்றிவிட்டேன், ஒயில் இல்லாமல் ஓடினால் பம்ப் தேய்ந்துவிடும். என் வானில் அது தனி பெல்ட். உங்கள் வாகனத்தில் அதே பெல்ட் வோட்டர் பம்ப்பையும் ஓட்டினால் கழற்ற வேண்டாம், எஞ்சின் சூடேறிவிடும்.

புது ஹோஸ் தேடிக் கொழும்புக்குப் போகவில்லை. டிரக்டர், பெக்கோ, வேளாண்மை வெட்டும் மெஷின் ஆகியவற்றுக்கு ஹைட்ரோலிக் ஹோஸ் அழுத்தித் தரும் கடை ஒன்றில் பழைய இரும்பு முனைகளை வைத்தே புதுக் குழாய் போட்டுத் தந்தார்கள். கிளிப் போட்டு இறுக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஓடி வந்துவிடுங்கள். அந்த ஹோஸுக்குள் 1000 பிஎஸ்ஐக்கு மேல் போகும். கார் டயரில் 30 சொச்சம்தான்.

காத்தான்குடி சிஆர்வி:

ஹொண்டா வைத்திருப்பவர்கள் கவனம். டொயோட்டாக்காரர்கள் போடும் சிவப்பு ஒட்டோ கியர் ஒயில் (ATF) இதற்கு ஆகாது, ஹொண்டாவுக்கென்று தனி ஸ்டியரிங் ஒயில் இருக்கிறது. எனக்கு முன் வைத்திருந்தவர் சிவப்பைத்தான் விட்டிருந்தார். அதைப் பலமுறை வழித்தெடுத்துச் சரியானதை விட்டும் முனகல் போகவில்லை. கடைசியில் பிடிபட்டது பம்ப்புக்கு ஒயில் நுழையும் இடத்தில் இருக்கும் சின்ன ஓ ரிங் (ரப்பர் வளையம்). கையில் எடுத்தால் கண்ணுக்கே தெரியாத சாமான். அதை மாற்றியதோடு சத்தம் நின்றது. பழைய ஜெர்மன் கார்கள் பலவற்றுக்குப் பச்சை ஒயில். மூடியில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டு விடுங்கள், கடைக்காரர் கையில் கிடைத்ததை அல்ல.

ஏறாவூர் விட்ஸ்:

என் விட்ஸிலும் வளைக்கும்போது டக் டக் என்று சத்தம். ஒயில் போத்தலை எங்கே தேடியும் காணவில்லையே?

கல்முனை லேத்:

தம்பி, தேட வேண்டாம். விட்ஸில் மின் மோட்டர் ஸ்டியரிங், ஒயிலே கிடையாது. டக் டக் என்றால் ஸ்டியரிங் தண்டின் ஜொயின்ட், ராக் என்ட், ஷொக் மவுன்டிங் பக்கம் பாருங்கள்.

அக்கரைப்பற்று:

லீக்கை நிறுத்தும் மருந்துப் போத்தல் பற்றி யாரும் சொல்லவில்லையே நானாமார்? எங்கள் கடையில் நன்றாக விற்கும், அதனால் மறைக்காமல் சொல்கிறேன். அது காய்ந்த சீலைக் கொஞ்சம் மிருதுவாக்கி ஊதச் செய்யும். லேசாக ஈரம் காட்டும் சீலுக்குச் சில மாதம் தாக்குப்பிடிக்கும். வெடித்த ஹோஸுக்கும் கிழிந்த சீலுக்கும் காசு வீண்.

கல்லடிவாசி:

நன்றி. ஸ்டியரிங்கைக் கடைசிவரை திருப்பும்போது மட்டும் வரும் "உஸ்" சத்தம் பற்றித் தனியாகக் கேட்டவருக்கு: அது அழுத்தம் மிஞ்சும்போது திறக்கும் ரிலீஃப் வால்வு, பெரும்பாலும் நோயில்லை. மழை நாளில் காலையில் வரும் கீச் என்றால் பெல்ட். கல்முனை அண்ணன், ஹார்ட் குரோம் உங்களிடமே செய்கிறீர்களா?

கல்முனை லேத்:

இல்லை, கொழும்புக்குத்தான் அனுப்புகிறோம். கம்பியை மட்டும் கழற்றி, கிறீஸ் பூசிச் சுற்றி, இரவு பஸ்ஸில் பார்சலாகப் போடுவோம். வர ஒரு கிழமை பிடிக்கும், அதற்குள் கார் எங்கள் வளவில் ஜக்கில் நிற்கும். அவசரக்காரர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.