மேகத்தில் நின்று கையசைத்த ஆள்

ஆளாளுக்கு மலைக்கதை சொல்கிறீர்கள், நான் மட்டும் எத்தனை நாள் சும்மா படித்துக்கொண்டே இருப்பது? என்னுடையதில் பேயும் இல்லை, மிருகமும் இல்லை. ஒரே பாறையில் தோளோடு தோள் உரசி நின்ற இரண்டு பேர், ஒரே திசையில் பார்த்து, வேறு வேறு காட்சியைக் கண்ட கதை. நடந்து ஒரு வருடம் ஆகிறது. சண்டை இன்னும் ஓயவில்லை.

கூட வந்தவள் கல்லூரிக் காலத்துத் தோழி. இருவருக்கும் நாற்பது தாண்டியாயிற்று. சனிக்கிழமை ஏறி முகட்டுக்குக் கீழே டென்ட் போட்டுத் தங்குவது, ஞாயிறு விடியும்போது உச்சியில் நிற்பது, மதியத்துக்குள் இறங்கிவிடுவது. அவ்வளவுதான் திட்டம். கணக்குப் போடுவது எப்போதும் அவள் வேலை. நடக்க வேண்டிய தூரம் 12 கிலோமீட்டர், ஏற்றம் 900 மீட்டர். வில்லியம் நைஸ்மித் என்று ஒரு ஸ்காட்லாந்து மலையேறி 1892-லேயே சூத்திரம் சொல்லிவைத்திருக்கிறார்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. போட்டுப் பார்த்தால் நான்கு மணி நேரம்கூட ஆகாது. எங்களுக்கு ஆறரை மணி நேரம் ஆனது. முதுகில் மூட்டை, நாற்பது வயது முழங்கால், பத்தடிக்கு ஒரு போட்டோ, இதெல்லாம் அந்த மனிதரின் கணக்கில் வராது போலிருக்கிறது.

பாதி நேரம் என் பையால் போனது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கனமான சாமானையெல்லாம் அடியில் திணித்திருந்தேன். ஏற ஏற யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போலவே இருந்தது. கடைசியில் அவள் என்னை ஒரு பாறையில் உட்காரவைத்து, பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஸ்லீப்பிங் பேக் அடியில், தண்ணீரும் அடுப்பும் நடுவில் முதுகை ஒட்டி, மழைச்சட்டை மேலே. அதே எடைதான். ஆனால் தூக்கி மாட்டியதும் வேறு பையாக இருந்தது. "கல்யாணத்துக்குப் போறவ மாதிரி மடிச்சு வெச்சிருக்கியேடி" என்று திட்டியதை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

டென்ட் போடும் இடத்திலும் தகராறு. ஓடைக்கரையில் பள்ளமாக, மெத்தை போல ஒரு புல்வெளி. நான் அங்கேயே சரிந்துவிட்டேன். அவள் விடவில்லை. குளிர்ந்த காற்று கனமானது, ராத்திரி சரிவில் வழிந்து வந்து பள்ளத்தில்தான் தேங்கும், மேலே எங்காவது மழை பெய்தால் ஓடையும் இங்கேதான் வரும் என்று சொல்லி, இன்னும் கால் மணி நேரம் ஏறவைத்து ஒரு மேட்டுத் திட்டில் நிறுத்தினாள். தரை கட்டாந்தரை. முளைக்குச்சி உள்ளே இறங்க மறுத்து வளைந்துகொண்டது. கயிறுகளைக் கற்களில் சுற்றிக் கட்டினோம். அதற்குள் எனக்குப் பல் தந்தியடிக்க ஆரம்பித்துவிட்டது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்று படித்திருந்தேன். வியர்வையில் ஊறிய பருத்தி பனியன் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும்போது அது எப்படி இருக்கும் என்பது படிப்பில் வரவில்லை.

இப்போது ராத்திரி. பத்து மணி இருக்கும். படுத்துக் கண்ணை மூடினேன். தப்... தப்... தப்... டென்ட்டுக்கு வெளியே யாரோ நடக்கிறார்கள். நிதானமான நடை. மூச்சை அடக்கிக் கேட்டேன். நடை கொஞ்சம் வேகமெடுத்தது. அவளைக் கிள்ளி எழுப்பினேன். எழுந்து உட்கார்ந்து இருவரும் காதைத் தீட்டினால், ஒன்றும் இல்லை. காற்று மட்டும். திரும்பப் படுத்தேன், திரும்ப நடை. எழுந்தால் நிற்கிறது, படுத்தால் நடக்கிறது. மூன்றாவது தடவை அவள் டார்ச்சை என் முகத்தில் அடித்து, "எங்க, நல்லா மல்லாந்து படு" என்றாள். படுத்தேன். சத்தம் இல்லை. "ஒருக்களிச்சுப் படு." தப்... தப்... என் காது காற்றடைத்த மெத்தையில் அழுந்தும்போது என் இதயத்துடிப்பே எனக்குக் கேட்டிருக்கிறது. பயப்படப் பயப்பட அந்த ஆள் ஏன் வேகமாக நடந்தான் என்று புரிந்ததா? அவள் சிரித்த சிரிப்பில் ஒரு கயிறு கல்லிலிருந்து அவிழ்ந்தது, பொய்யில்லை.

பயத்தில் காற்றுப் போகும் ஜன்னலையெல்லாம் இழுத்து மூடியிருந்தேனா, எங்கள் மூச்சே உள்ளே நீராகத் திரண்டு விடியவிடிய நெற்றியில் சொட்டியது தனிக்கதை.

ஐந்தரைக்குக் கிளம்பி முகட்டுக்கு வந்தோம். முதுகுக்குப் பின்னால் சூரியன் அப்போதுதான் எழுகிறது. எதிரே மேற்குப் பள்ளத்தாக்கு முழுக்க மேகம், கால் கட்டைவிரலுக்குக் கீழே பால் பொங்கி நிற்பது போல. "அங்க யாரோ நிக்கிறாங்கடி" என்றாள். பார்த்தேன். மேகத்துக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு ராட்சத உருவம். கால்கள் நீண்டு எங்களை நோக்கி வருகின்றன. நான் கையைத் தூக்கினேன், அதுவும் தூக்கியது. அதன் தலையைச் சுற்றி வளையம் வளையமாக ஒரு வட்ட வானவில், வெளி விளிம்பில் சிவப்பு. கோயில் ஓவியத்தில் சாமிக்குப் போட்டிருப்பார்களே, அப்படியே.

"என் தலையைச் சுத்தி ஒளிவட்டம்டி!" என்றேன்.

"உனக்கு எங்க இருக்கு? எனக்குத்தான் இருக்கு" என்றாள்.

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். என் கண்ணுக்கு இரண்டு நிழல்கள் பக்கத்தில் பக்கத்தில் தெரிகின்றன. என்னுடையதற்கு வட்டம் இருக்கிறது, அவளுடையது மொட்டைத் தலை. அவள் சத்தியம் செய்கிறாள், அவளுக்குத்தான் வட்டமாம், நான்தான் மொட்டையாம். போட்டோ எடுத்துக் காட்டினேன், வட்டம் எனக்கு. அவள் தன் போனில் எடுத்தாள், வட்டம் அவளுக்கு. என் போனை அவளிடம் கொடுத்து எடுக்கச் சொன்னேன். பாவி போன், வட்டத்தைத் தூக்கி அவளுக்குக் கொடுத்துவிட்டது! பத்து நிமிடம் மாற்றி மாற்றி எடுத்தோம். மேகம் கலைந்தது, உருவமும் போயிற்று.

இறங்கிய பிறகுதான் தேடிப் படித்தேன். இதற்கு புரோக்கன் பூதம் என்று பெயர். ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைத்தொடரில் 1,141 மீட்டர் உயரமுள்ள புரோக்கன் சிகரத்தில் அடிக்கடி தெரிவதால் அந்தப் பெயர். 1780-லேயே யோஹான் சில்பர்ஷ்லாக் என்பவர் எழுதிவைத்திருக்கிறார். பூதம் நம் நிழல்தான். நிழல் ஒரு சுவரில் விழாமல் மேகத்தின் ஆழம் முழுக்க விழுவதாலும், பக்கத்தில் அளவு காட்ட மரமோ கல்லோ இல்லாததாலும் பெரிதாகத் தோன்றுகிறது. வட்டம் வேறு சங்கதி. துளித்துளியான மேகநீர், வெளிச்சத்தை வந்த வழியிலேயே திருப்பி அனுப்புகிறது. அது யார் கண்ணிலிருந்து பார்க்கிறோமோ அந்தக் கண்ணுக்கு நேர் எதிரே, சூரியனுக்கு நேர் மறுபுறம் மட்டுமே வட்டமாகத் தெரியும். ஆகவே யாருக்கும் அடுத்தவர் தலையில் அது தெரியாது. விமானத்தில் ஜன்னலோரம் கிடைத்தால் கீழே மேகத்தைப் பாருங்கள், விமான நிழலைச் சுற்றி இதே வட்டம் சில நேரம் கூடவே ஓடி வரும்.

இறக்கத்தில் பூட்ஸ் லேஸை இறுக்காமல் விட்டு, விரல் முன்னால் போய் முட்டி முட்டி இரண்டு நகம் கறுத்தது. மற்றபடி நலம். உங்களில் யாராவது பார்த்திருக்கிறீர்களா?

*

பூதத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை அம்மா. ஆனால் மூன்றாவது ஆள் என் கூடவே நடந்திருக்கிறார்.

நானும் நண்பனும் மழையில் மாட்டிக்கொண்டோம். திரும்பிவிட வேண்டும் என்று குறித்த நேரம் இரண்டு மணி. உச்சி கண்ணுக்குத் தெரிகிறதே என்று மூன்றரை வரை ஏறினோம், அங்கே விழுந்தது பிழை. இருட்டில் இறங்கும்போது எனக்குப் பின்னால் இன்னொருவர் வருவதாகவே பட்டது. பயமாக இல்லை, தெரிந்த ஆள் போல. வழி குறுகும் இடங்களில் அவருக்காக ஒதுங்கிக்கூட நின்றேன்.

நண்பனிடம் சொல்லலாம் என்று பார்த்தால் அவன் ஜிப்பைப் போடத் தெரியாமல் ஐந்து நிமிடமாகத் தடவிக்கொண்டிருந்தான். பேச்சும் குழறியது. அதுவரை வெடவெடவென்று இருந்த நடுக்கம் நின்றிருந்தது. நடுக்கம் நிற்பது நல்லதற்கு இல்லை, உடம்பு தோற்றுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அங்கேயே டென்ட்டை விரித்து, ஈரத்தை உரித்துப் போட்டு, உலர்ந்த துணி மாட்டி, ஸ்லீப்பிங் பேக்கில் திணித்து, கொஞ்சம் தெளிந்ததும் சர்க்கரை கரைத்த வெந்நீர் கொடுத்தேன். ஊற்றிவிட்டுப் பார்க்கிறேன், மூன்று டம்ளர் வரிசையாக வைத்திருக்கிறேன்.

1916-ல் தென் அட்லாண்டிக் கடலிலுள்ள தெற்கு ஜார்ஜியா தீவின் மலைகளை, அண்டார்டிகா பயணம் போன ஷாக்கிள்டனும் அவருடைய ஆட்கள் வொர்ஸ்லி, கிரீன் இருவருமாக மூவரும் 36 மணி நேரம் நடந்து கடந்தபோது, தாங்கள் நால்வர் என்றே மூவருக்கும் தோன்றியதாம். 1933-ல் எவரெஸ்டில் தனியாக ஏறிய பிராங்க் ஸ்மைத் என்ற ஆங்கிலேய மலையேறி, கையிலிருந்த இனிப்பை உடைத்து ஒரு பாதியை நீட்டியபடி பின்னால் திரும்பியிருக்கிறார். களைப்பும் குளிரும் மூளைக்குச் செய்யும் வேலை என்கிறார்கள். இருக்கலாம். அந்த மூன்றாவது டம்ளரை யார் குடித்தது என்று கேட்காதீர்கள், நான்தான் குடித்தேன்.

*

எனக்கு இவ்வளவு பெரிய அனுபவம் எல்லாம் இல்லை. எதிர்ச் சரிவிலிருந்து விசில் சத்தம் கேட்டது. என் நண்பன் வாட்சைப் பார்த்து எண்ணினான். நிமிடத்தில் ஆறு, அப்புறம் ஒரு நிமிடம் மௌனம், மறுபடி ஆறு. மலையில் அது உதவி கேட்கும் சமிக்ஞை. "டேய், யாரோ மாட்டிக்கிட்டாங்கடா" என்று பதிலுக்கு நிமிடத்துக்கு மூன்று ஊதிக்கொண்டே முள்ளில் விழுந்து எழுந்து ஒன்றேகால் மணி நேரம் போனோம். இரண்டு பையன்கள் பாறையில் உட்கார்ந்து, புது விசில் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பதில் கூட வருதுடா, சூப்பர்" என்று ஒருவன் சொல்லும்போதுதான் நாங்கள் புதரிலிருந்து வெளியே வந்தோம். மேற்கொண்டு நடந்த உரையாடல் இங்கே எழுதத் தக்கதல்ல.

*

மூன்று டம்ளர் விஷயத்தைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை ஐயா. விசில் தம்பி, அந்த உரையாடலைத் தனியாக அனுப்பவும்.

எல்லாவற்றையும் தோழிக்குப் படித்துக் காட்டினேன். அறிவியல் விளக்கம் வந்த இடத்தில் கொட்டாவி விட்டாள். முடித்ததும், "வட்டம் எனக்குத்தான் பெருசா இருந்துச்சு, அதை ஏன் எழுதலை?" என்றாள். வட்டத்தின் அளவு மேகத்துளியின் அளவைப் பொறுத்தது, ஒரே மேகம் என்றால் இருவருக்கும் ஒரே அளவுதான் என்று சொல்லிப் பார்த்தேன். போனை எடுத்து அந்தப் படத்தை நீட்டுகிறாள்.