புதுப்பிப்பு: தல்லாகுளம் காமெடி நாடகம் - எங்கே உட்கார்ந்தோம், நடிகையைப் பார்க்க முடிந்ததா?

எனக்குப் பிடித்த சீரியல் நடிகை தல்லாகுளம் பக்கம் ஒரு சின்ன ஹாலில் காமெடி நாடகம் போடுகிறார், அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், எங்கே உட்காரலாம், அவரிடம் பேச முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் ஸ்பீக்கர் ஓரமாக உட்கார்ந்தோம். சத்தம் வந்தது, வசனம் புரியவில்லை. பத்து நிமிடத்தில் நான்காவது வரிசை நடுவுக்கு மாறினோம். அந்த யோசனைதான் பலித்தது. மேடை உயரம் என்பதால் முதல் வரிசைக்காரர்கள் அண்ணாந்தே பார்த்தார்கள், பாவம்.

எதிர்பாராதது ஒன்று. சீரியலில் அழுதுகொண்டே இருப்பவர், இங்கே வாடகை கேட்டு விரட்டும் வீட்டுக்கார அம்மா! பாதியில் மைக் செத்துப்போனது. சட்டென்று குரலை உயர்த்தி, "ஏன்டா, மைக்குக்கும் வாடகை பாக்கியா?" என்றார். ஹாலே அதிர்ந்தது. மைக் இல்லாத அந்தக் கால் மணி நேரம்தான் அம்மாவுக்கு ஒரு வசனம்கூட விடாமல் கேட்டது. "மனோரமாவும் 1958இல் சினிமாவுக்கு வருமுன் நாடகத்தில் பழகியவர்தானே, மேடைக் குரல் அப்படி" என்றார் அம்மா.

"பின்வாசலில் நில்லுங்கள்" என்றவருக்குத் தனி நன்றி. இருபது நிமிடம் காத்திருந்தோம். செட் சோபாவை வேனில் ஏற்றச் சொல்லிக்கொண்டே வந்தவர், அம்மா கையைப் பிடித்து, "சாப்பிட்டீங்களாம்மா?" என்றார். செல்ஃபி கேட்க எனக்குத்தான் மறந்துவிட்டது. ஒன்பதரைக்கு மாட்டுத்தாவணி பஸ் கிடைத்தது.