சிக்னல் இல்லாத இடத்தில் பிரைமரி கீ: உங்கள் அனுபவம் என்ன?

குன்னூர் டெவலப்பர்:
நீலகிரியில் பசுந்தேயிலை எடை போடும் ஆப் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். ஏஜென்ட் சிறு விவசாயிகளின் இலையை எடை போட்டுப் போனில் பதிவு செய்வார்; சிக்னல் கிடைக்கும்போது சர்வருக்குப் போகும். முன்பு எழுதியவர்கள் பிரைமரி கீயாக (ஒவ்வொரு பதிவையும் தனித்துக் காட்டும் அடையாளம்) போனில் -1, -2 என்று தற்காலிக எண் போட்டு, சர்வர் ஒவ்வொன்றாகக் கூட்டித் தரும் ஆட்டோ இன்கிரிமென்ட் எண்ணை வாங்கி மாற்றும்படி வைத்திருந்தார்கள். சர்வர் பதிவை ஏற்றபின், பதில் வந்து சேருவதற்குள் சிக்னல் போய்விட்டால்? போன் மறுபடி அனுப்பும், சர்வர் இன்னொரு எண் தரும். ஒரே மூட்டைக்கு இரண்டு எடை. குறைந்தால் விவசாயி உடனே கேட்பார். கூடினால் யார் வந்து சொல்வார்கள்?

இப்போது கீ போனிலேயே உருவாகிறது, யுயுஐடி (எங்கே உருவாக்கினாலும் மோதாதபடி அமைந்த 16 பைட் அடையாளம்) பதிப்பு 7. எத்தனை முறை அனுப்பினாலும் அதே கீ, அதனால் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் 'ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்' (அதே கீ ஏற்கெனவே இருந்தால் எதுவும் செய்யாதே) போட்டாலே இரண்டாவது தடவை வருவது பதிவாகாது. ஈரத்துக்கான கழிவு போன்ற துணைப் பதிவுகளிலும் எண்ணை மாற்றி எழுதும் வேலை இல்லை. விவசாயியிடம் தரும் சீட்டில் 'க7-412' மாதிரி தனி எண் இருக்கும். அதையே கீ ஆக்கலாமே என்றார்கள், ஒத்துக்கொள்ளவில்லை. சீட்டு எண்ணை என்றைக்காவது ஒருவர் திருத்தச் சொல்வார்.

மதுரை வேன் சேல்ஸ்:
நாங்கள் போனுக்கு ஒரு லட்சம் எண் என்று பிரித்துக் கொடுத்திருந்தோம். 8 பைட்தான், இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் பட்டியல்) சின்னது, நன்றாகவே ஓடியது. அப்புறம் ஒரு சேல்ஸ்மேன் புதுப் போனில் பழைய பேக்கப்பை ஏற்றிக்கொண்டு, பழைய போனை உதவியாளரிடம் கொடுத்துவிட்டார். இரண்டும் ஒரே இடத்திலிருந்து எண்ண ஆரம்பித்தன. எர்ரர் வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஒருவர் போட்ட பில்லை மற்றவருடைய பில்லின் திருத்தம் என்று நினைத்து, சர்வர் சத்தமில்லாமல் மேலெழுதிவிட்டது.

பழைய டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி):
மைஎஸ்க்யூஎல்காரர்கள் யுயுஐடியை 36 எழுத்துச் சரமாக வைக்காதீர்கள், பைனரி 16 போதும். அதன் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியில் மற்ற எல்லா இண்டெக்ஸும் பிரைமரி கீயைச் சுமக்கும். பதிப்பு 4 முழுக்கத் தற்செயல் எண் என்பதால், கீ வரிசையில் அடுக்கிய டேட்டா பக்கங்கள் நடுவில் உடைந்துகொண்டே இருக்கும். 2024-இல் தரப்படுத்திய பதிப்பு 7-இல் முதல் 48 பிட் நேரம், அதனால் புதியவை வரிசையாகக் கடைசியில் சேரும். ஆனால் எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் கடைசி 6 பைட்டை முதலில் ஒப்பிடும், அங்கே இந்த வரிசை பலிக்காது. குன்னூர் நண்பரே, போனில் தேதி தப்பாக இருந்தால்?

குன்னூர் டெவலப்பர்:
கீ மோதாது, வரிசைதான் குழம்பும். அதனால் ரிப்போர்ட்டைக் கீயை வைத்து வரிசைப்படுத்துவதில்லை. எடை போட்ட நேரம், சர்வருக்கு வந்த நேரம் என்று டேபிளில் இரண்டு தனிப் புலங்கள் உண்டு. இரண்டும் ரொம்ப விலகினால் ஏஜென்டுக்குப் போன் போகும்.