கருணைத் தொகை என்றார்கள்

2015 செப்டம்பரில் ஒரு விசேஷத்துக்காக உடுமலையிலிருந்து மூணாறு போனேன். ஊருக்குள் போக வழியில்லை என்று எல்லையிலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். இறங்கி நடந்தேன். தேயிலைக் கம்பெனி அலுவலகத்தின் முன்னால் சாலை நிறையப் பெண்கள். கொடி இல்லை, மேடை இல்லை. காதில் விழுந்ததெல்லாம் தமிழ். மூன்று நான்கு தலைமுறைக்கு முன் மலையேறிய குடும்பங்கள்.

அந்த ஆண்டு போனஸை 10 விழுக்காடாகக் குறைத்திருந்தார்கள். தினக்கூலி 232 ரூபாய். அவர்கள் கேட்டது 500.

கூட்டத்தின் ஓரத்தில் ஓர் அக்கா நகர்ந்து இடம் கொடுத்தார். தூக்குவாளியைத் திறந்து, "சாப்பிட்டாயா தம்பி?" என்றார். அந்தக் கையை இன்றும் மறக்கவில்லை. நகக்கண் வரை கொழுந்துக் கறை ஏறிக் கறுத்திருந்தது. ஆள்காட்டி விரலில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு. தொழிற்சங்கத் தலைவர்களை ஏன் விரட்டினீர்கள் என்று கேட்டேன். "எங்களுக்காகப் பேசப் போகிறவர்கள் எங்களிடம் ஒருநாளாவது பேசியிருக்க வேண்டாமா?" என்றார். ஆண்களைக் கூட்டத்துக்குள் விடாமல் அவர்களே முழக்கமிட்டார்கள், அவர்களே முடிவெடுத்தார்கள். 'பெம்பிளை ஒருமை', அதாவது பெண்களின் ஒற்றுமை, என்ற பெயர் அப்படித்தான் ஊரெல்லாம் பரவியது.

அப்போது கேரள எதிர்க்கட்சித் தலைவராக இருந்த வி.எஸ். அச்சுதானந்தன் வந்து அவர்களோடு உட்கார்ந்திருந்ததைப் பிறகு செய்தியில் பார்த்தேன். ஒன்பதாம் நாள், செப்டம்பர் 13 அன்று, முதல்வர் உம்மன் சாண்டி நடத்திய பேச்சில் 20 விழுக்காடு கிடைத்தது. ஆனால் அதில் பாதிக்கு மேல் போனஸாக அல்ல, கம்பெனி மனமிரங்கித் தருவதுபோல் 'கருணைத் தொகை' என்ற கணக்கில் வந்தது. மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து கிள்ளிச் சம்பாதித்த பணத்துக்குக் கருணை என்று பெயரா? எனக்கு இன்றும் ஆறவில்லை. கூலி அடுத்த மாதப் பேச்சில் 301 ரூபாய் ஆனது, 500 ஆகவில்லை.

சில ஆண்டுகள் கழித்து அதே அக்காவை அவர் லயத்திலேயே, தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டிலேயே, பார்த்தேன். ஒரு அறை, ஒரு சமையலறை, சுவரில் ஈரம். ஓய்வு பெற்றால் வீட்டைக் கம்பெனியிடம் ஒப்படைக்க வேண்டும். வேறு நிலமோ வீடோ அவருக்கு எங்கும் இல்லை. அதனால், வீடு கைவிட்டுப் போகாமலிருக்க, பிளஸ் டூ முடித்த மகளைத் தோட்டத்தில் பேர் பதியச் சொல்லியிருந்தார். நான் போனபோது அந்தப் பெண் வேலை முடிந்து வந்து, திண்ணையில் உட்கார்ந்து விரல் கறையை எலுமிச்சைத் தோலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.