மழை உணரியா, துளியுணரியா?

வணக்கம் நண்பர்களே,

காரில் தானாக ஓடும் வைப்பருக்கான பழுதுநீக்கக் குறிப்பில், கண்ணாடியில் நீர் பட்டதும் வைப்பரை ஓடவைக்கும் கருவிக்கு (rain sensor) 'மழை உணரி' என்றே போட்டுவிடலாம் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். எளிய சொல்தான். ஆனால் கோளாறு தேடும்போது அது நம்மைத் தவறான பக்கம் திருப்பிவிடுகிறது.

என் காரில் முன்கண்ணாடி மாற்றிய பிறகு, நல்ல வெயிலில் வைப்பர் காய்ந்த கண்ணாடியைத் தேய்க்க ஆரம்பித்தது. மழையே இல்லாதபோது மழை உணரி எதை உணரும்? அதனால் ஃபியூஸ், மோட்டார், சுவிட்ச் என்று தேடி இரண்டு நாள் போனது. கடைசியில் பார்த்தால், உணரிக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருக்கும் ஜெல் திண்டில் காற்றுக்குமிழி. பழைய திண்டையே திரும்ப ஒட்டியிருந்தார்கள்.

காருக்குள் பின்பக்கம் பார்க்க வைத்திருக்கும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்ன உணரிப் பெட்டிக்கு வானம் தெரியாது. அது அகச்சிவப்பு ஒளியை முன்கண்ணாடிக்குள் ஏறத்தாழ 45 பாகையில் செலுத்துகிறது. கண்ணாடிக்கு வெளியே காற்று இருந்தால் மாறுநிலைக் கோணம், அதாவது அதைத் தாண்டினால் ஒளி வெளியேற முடியாத கோணம், சுமார் 42 பாகைதான். ஆகவே முழு அக எதிரொளிப்பு நடந்து ஒளி முழுவதும் உள்ளேயே திரும்பி வருகிறது. அங்கே நீர்த்துளி உட்கார்ந்துவிட்டால் அந்தக் கோணம் 62 பாகைக்கு மேல் போய்விடும். அப்புறம் ஒளியில் ஒரு பகுதி துளி வழியாக வெளியேறிவிடுகிறது. திரும்பும் ஒளி குறைந்ததும் வைப்பர் ஓடுகிறது. குமிழி இருந்தாலும் ஒளி குறையும், அதுதான் எனக்கு நடந்தது. முன்னால் போகும் லாரி தெறிக்கும் சேற்றுநீருக்கும் வைப்பர் ஓடும். அது மழையா என்ன?

அதனால் என் பரிந்துரை 'துளியுணரி'. வைப்பருக்குத் 'துளியுணர் துடைப்பான்'. வினைத்தொகை என்பதால் இடையில் வல்லினம் மிகாது, சொல்லவும் தடங்கல் இல்லை. 'ஈர உணரி' என்றால் காற்றின் ஈரப்பதம் அளக்கும் கருவியோடு குழம்பும். 'தானியங்கித் துடைப்பான்' போதாது, நேரக்கணக்கில் விட்டுவிட்டு ஓடுவதும் தானியங்கிதானே.

குறிப்பில் வைத்துப் பாருங்கள்: "காய்ந்த கண்ணாடியில் வைப்பர் ஓடினால், துளியுணரிக்கு நேரே வெளிப்பக்கத்தைத் துடைக்கவும். பிசுக்கோ கல்பட்ட கீறலோ இல்லையென்றால், திண்டில் குமிழி உண்டா என்று பார்க்கவும். துளி விழுந்தும் ஓடாவிட்டால், முதலில் நெம்புகோல் ஆட்டோ நிலையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதே இடத்தில் கொஞ்சம் நீர் தெளித்துச் சோதிக்கவும்." கை எங்கே போகவேண்டும் என்பதைச் சொல்லே காட்டிவிடுகிறது.

ஜெல் திண்டுக்குத்தான் இன்னும் சரியான சொல் அமையவில்லை. 'ஒட்டுத்திண்டு' என்றால் பசை மட்டும்தான் நினைவுக்கு வரும். அதன் முதன்மையான வேலை, இடையில் காற்று புகாமல் ஒளியைக் கண்ணாடிக்குள் கடத்துவது. 'ஒளியிணைப்புத் திண்டு' எப்படி இருக்கிறது? இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.