பிடிஜி ஸ்ட்ரிப்பில் ரெண்டு கோடு: கருமுட்டை வெளியாகலையா?

கோவைக்காரி:
கருமுட்டை வெளியாகப் போறதை முன்னாடியே காட்டுற எல்ஹெச் ஸ்ட்ரிப், மாதவிடாய் வந்த 14ஆம் நாள் பாசிட்டிவ். 22ஆம் நாள், கருமுட்டை வெளியாயிடுச்சான்னு பாக்குற பிடிஜி ஸ்ட்ரிப்ல ரெண்டு கோடும் பளிச்சுனு வந்துச்சு. சந்தோஷத்துல ஆபீஸ்ல இருந்த வீட்டுக்காரருக்குப் போனே போட்டுட்டேன். அப்புறம் அட்டையைப் படிச்சா, ரெண்டு கோடுன்னா நெகட்டிவாம்! அசடு வழிஞ்சதுதான் மிச்சம். ஓவுலேஷனே (கருமுட்டை வெளியாகுறது) ஆகலையா?

லேப் அக்கா:
பதறாதீங்கம்மா. பிரெக்னன்ஸி கிட்டுக்கு இது நேர் தலைகீழ். கருமுட்டை வெளியான பிறகு கூடுற புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் கல்லீரல்ல உடைஞ்சு, பிரெக்னேன்டையால் குளுகுரோனைடா சிறுநீர்ல வெளியேறும். அதைத்தான் பிடிஜின்னு சொல்றது. அது கூடக்கூட சோதனைக் கோடு மங்கி மறையும். பல ஸ்ட்ரிப்புக்கு வரம்பு மில்லிக்கு 5 மைக்ரோகிராம். காலையில முதல் சிறுநீரா எடுத்தீங்க?

கோவைக்காரி:
இல்லக்கா, பதினோரு மணிக்கு. அதுக்குள்ள ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சாச்சு.

லேப் அக்கா:
அப்போ நீர்த்துப்போயிருக்கலாம். லேப்ல சிறுநீர்ல இருக்குற கிரியேட்டினின்ங்கிற கழிவுப்பொருளோட அளவை வச்சு அதைச் சரிக்கட்டுவாங்க, வெறும் ஸ்ட்ரிப்புக்கு அந்த வசதி ஏது? நாளைக்கும் மறுநாளும் எழுந்த உடனே போட்டுப் பாருங்க.

மதுரை மல்லி:
சந்தேகம் தீரலைன்னா டாக்டரைக் கேட்டு ரத்தத்துல புரோஜெஸ்டிரோன் அளவைப் பாத்துடுங்க. மில்லிக்கு 3 நானோகிராமுக்கு மேல இருந்தா ஓவுலேஷன் ஆயிடுச்சுன்னு என் டாக்டர் சொன்னாங்க. புரோஜெஸ்டிரோன் மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா? சாப்பிட்டா பிடிஜி எகிறும், அதை நம்பாதீங்க.