அப்பா சட்டைப்பையில கட்டா இருந்த லாட்டரிச் சீட்டு

எங்க அப்பாவுக்கு பார்க்கின்சன், அதான் கை கால் நடுங்கி அசைவு இறுகிப் போவுத நரம்பு நோய், வந்து ஏழு வருசம் ஆயிட்டு, வீடு தென்காசி பக்கம். அதுக்கு வழக்கமா குடுக்குத லெவோடோபா மாத்திரை கூட பிராமிபெக்ஸோல்னு இன்னொரு மாத்திரையும் சேத்து கொஞ்சம் கொஞ்சமா டோஸ் கூட்டுனாங்க, சட்டை பொத்தான் போடவே பத்து நிமிசம் எடுத்தவிய தன்னால நடந்து கடைக்கு போனாவ, எங்களுக்கு அம்புட்டு சந்தோசம்.

வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவிய, டீ குடிச்ச காசைக்கூட நோட்டுல எழுதி வைப்பாவ. ஒருநாள் துவைக்க சட்டைய எடுத்தா பையில கேரளா லாட்டரிச் சீட்டு, ரப்பர் பேண்ட் போட்டு கட்டா இருக்கு. நம்ம தமிழ்நாட்டுல 2003லயே தடை பண்ணிட்டாங்க, ஆனா புளியரை தாண்டி ஆரியங்காவு போனா கிடைக்கும்லா, தள்ளாடிக்கிட்டே பஸ் ஏறி போயிருக்காவ. அம்மா வளையல் அடகுல இருக்குன்னு பொறவுதான் தெரிஞ்சுது.

நான் அன்னிக்கு போட்ட சத்தத்த நெனச்சா இப்பவும் நெஞ்ச அடைக்கு. "தப்புன்னு தெரியுதும்மா, கால் அதுபாட்டுக்கு பஸ் ஸ்டாண்டுக்கு போவுது"ன்னு தலைய குனிஞ்சுக்கிட்டே சொன்னாவ.

நரம்பு டாக்டர்ட்ட சொன்னதும் அந்த பிராமிபெக்ஸோல் மாத்திரையாலதான்னு சொல்லிட்டாங்க. கை கால் அசைவுக்கு குடுக்குத அதே மருந்து மூளையில ஆசைய தூண்டுத இடத்தையும் கிளப்பி விட்டுருமாம். 2010ல வந்த ஒரு ஆய்வுல அமெரிக்கா, கனடாவுல பார்க்கின்சன் உள்ள 3,090 பேர பாத்திருக்காங்க, இந்த வகை மாத்திரை எடுத்தவங்கள்ல 17 சதவீதம் பேருக்கு சூதாட்டம், கணக்கில்லாம பொருள் வாங்குதது, தீனி, செக்ஸ் ஆசைன்னு ஏதாவது ஒண்ணு இருந்திருக்கு, எடுக்காதவங்கள்ல 7 சதவீதம்தான். மாத்திரை எழுதும்போதே எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அந்த வருத்தம் எனக்கு போகவே இல்ல.

ஒரேயடியா நிறுத்தல, மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு லெவோடோபாவ ஏத்துனாங்க. நடுவுல ரெண்டு வாரம் வேர்வை, படபடப்பு, காரணமில்லாத அழுகை, அம்மா பக்கத்துலயே உக்காந்திருந்தா. ஏடிஎம் கார்டு அம்மா கைக்கு போச்சு, அப்பாவே எடுத்து குடுத்தாவ. நடை முன்ன மாதிரி இல்ல, ஆனா நோட்டுல டீக்கணக்கு திரும்ப வந்துட்டு.

*

அக்கா, நீங்க எழுதுனத படிச்சேன், எங்க மாமாவுக்கும் இதே நோய், இதே மாதிரி மாத்திரையால வந்த வினைதான், ஆனா அவியளுக்கு பணம் பிரச்சன இல்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச் அடிச்சுக்கிட்டு ரேடியோ, மிக்ஸி, ஃபேன் ரெகுலேட்டர் எல்லாத்தையும் கழட்டுவாவ, மாட்டுவாவ, திரும்ப கழட்டுவாவ. அல்வா டப்பா நிறைய ஸ்க்ரூ. அத்தை பேய் புடிச்சிட்டுன்னே நெனச்சிட்டாவ. எவனோ சொன்னான்னு நாங்களே எல்லா மாத்திரையையும் நிறுத்திட்டோம், மூணாம் நாளு மரக்கட்ட மாதிரி கிடந்தாவ, ஒரு வாய் கஞ்சி இறங்கல, அட்மிட் பண்ணுத மாதிரி ஆயிட்டு. தயவுசெஞ்சு யாரும் அப்படி பண்ணிராதீங்க. டாக்டர் மாத்திரைய மாத்தி குடுத்து இப்ப ஒரு வருசம் ஆவுது. சாயங்காலம் அந்த பழைய ரேடியோவ மட்டும் எடுக்காவ, அத்தை சாப்பிட கூப்பிட்டா டப்பாவ மூடிட்டு எந்திரிச்சு வாராவ.